அடித்துவிட்டு எழுதிய எண்

போன மாதம் கல்லூரியிலிருந்து ஒரு போன் வந்தது. இப்போது இயற்பியல் துறைக்குத் தலைவராக இருக்கும் அம்மையார் பேசினார். நான் ஓய்வு பெற்றபோது அவர் பள்ளிக்கூடத்தில் படித்துக்கொண்டிருந்திருப்பார். பழைய ஆய்வுக்கூடத்தை இடித்துவிட்டுப் புதிதாகக் கட்டப்போகிறார்களாம்.

"சார், ஊசல் மேசைக்கு மேல சுவத்துல சிவப்பு பெயின்ட்ல 'இங்கே 978'ன்னு எழுதியிருக்கே, அதை யார் எழுதினதுன்னு இங்க யாருக்குமே தெரியலை. பசங்க பிராக்டிகலுக்கு முன்னாடி அதைத் தொட்டுக் கும்பிட்டுட்டுப் போறாங்க," என்று சிரித்தார்.

நான்தான் எழுதினேன் என்றேன். எதற்காக என்று கேட்டார். எழுதி அனுப்புகிறேன் அம்மா என்று சொல்லிப் போனை வைத்துவிட்டேன். முப்பத்தாறு வருஷம் மாணவர்களைச் "சுருக்கமா எழுதுடா" என்று விரட்டியவன் நான். இதை எனக்குச் சுருக்கமாக எழுத வரவில்லை.

ஐம்பதுகளின் நடுவில் நான் பட்டணத்தில் பி.எஸ்ஸி. இயற்பியல் படித்தேன். கல்லூரியின் பெயர் இங்கே தேவையில்லை. செங்கல்பட்டு கடைத்தெருவில் என் அத்தாவுக்குக் கடிகாரம் பழுதுபார்க்கும் கடை; அப்பாவை நாங்கள் அத்தா என்போம். காலை பாசஞ்சரில் ஏறி, கரித்தூள் படிந்த சட்டையோடு கல்லூரிக்குப் போய், விளக்கு வைக்கிற நேரத்துக்குத் திரும்புவேன். வகுப்பில் நான் கெட்டிக்காரன் என்று பெயர். பெயரை நானும் நம்பினேன், அதுதான் கோளாறு.

அதே ரயிலில் ஏகாம்பரமும் வருவான். நெம்மேலிக்காரன். மகாபலிபுரத்துக்கு வடக்கே கடலுக்கும் பக்கிங்காம் கால்வாய்க்கும் நடுவில் இருக்கும் ஊர். அவன் அப்பா அடுத்தவர் நிலத்தில் கூலிக்கு உழுதவர். அவன் தெருவில் பத்தாவது தாண்டியவன் அவன் ஒருவன்தான். செங்கல்பட்டில் அரசாங்க விடுதியில் தங்கி, அரசாங்கம் தந்த உபகாரச் சம்பளத்தில் படித்தான். அதற்கு ஒரு நிபந்தனை உண்டு. எந்தப் பரீட்சையிலாவது ஒரு தடவை தவறினால் உபகாரச் சம்பளமும் போச்சு, விடுதி இடமும் போச்சு. பாஸ் செய்தால் மதுராந்தகம் பக்கத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் அவனுக்கு வாத்தியார் வேலை தருவதாகச் சொல்லியிருந்தார்கள். அவன் அம்மா அந்த வேலைக்காக அவனுக்கு ஒரு வெள்ளை வேட்டியை அப்போதே மடித்துப் பெட்டியில் வைத்திருந்தாள்.

படித்த பாடம் முழுவதையும் இங்கே விவரிக்கப்போவதில்லை. எங்கள் பேராசிரியர் ஞானமுத்து சாரின் ஆய்வுக்கூடத்தைப் பற்றி மட்டும் சொல்ல வேண்டும்.

ஒல்லியான ஆள். எப்போதும் கழுத்துவரை பொத்தான் போட்ட வெள்ளைக் கோட்டு. செருப்புச் சத்தம் கேட்காது, திரும்பிப் பார்த்தால் முதுகுக்குப் பின்னால் நிற்பார். அவருக்கு மூன்று விதிகள். அளந்ததை உடனே மசியில் எழுத வேண்டும். ரப்பர் கொண்டுவந்தவன் அன்றைக்கு வெளியே. தப்பாக எழுதிவிட்டால் அதன்மேல் ஒரே ஒரு கோடு, அடியில் இருப்பது படிக்கும்படியாக. கிறுக்கி மறைத்தால் தாளையே கிழித்துப்போடுவார்.

சரியான விடை எவ்வளவு என்று அவரிடம் கேட்கக் கூடாது. கேட்டால் கோபம் வந்துவிடும். "விடையைச் சொல்லிட்டா நீ எதுக்கு அளக்கப் போறே? அளவுல சரி, தப்பு எல்லாம் அப்புறம். அது உன்னுதா, இல்லையா, அதைச் சொல்லு முதல்ல," என்பார்.

அவர் சொல்லாவிட்டால் என்ன, புத்தகம் சொல்லுமே. நாங்கள் எல்லோரும் புத்தகத்தில் விடையைப் பார்த்துவிட்டு, அது வரும்படி அளவுகளைப் பின்பக்கமாகக் கணக்குப் போட்டு எழுதுவோம். அதற்குச் 'சமையல்' என்று எங்களுக்குள் பெயர். கொஞ்சம் முன்னே பின்னே கலந்து, உண்மைபோலத் தெரியும்படி உப்புக் காரம் சேர்ப்பதில் நான் தேர்ந்தவன். ஞானமுத்து சார் என் நோட்டைப் புரட்டிவிட்டு ஒன்றும் சொல்லாமல் கையெழுத்துப் போடும்போது எனக்கு உள்ளுக்குள் பெருமையாக இருக்கும்.

ஏகாம்பரத்துக்குச் சமைக்க வராது. வராது என்பதைவிட, அப்படி ஒன்று செய்யலாம் என்பதே அவன் தலையில் ஏறாது.

ஊசல் சோதனையில்தான் அது நன்றாகத் தெரிந்தது. இழையில் ஒரு உலோகக் குண்டைத் தொங்கவிட்டு, அது நூறு தடவை ஆட எத்தனை வினாடி ஆகிறது என்று பார்த்து, பூமி எவ்வளவு வேகமாக எதையும் கீழே இழுக்கிறது என்று கணக்கிட வேண்டும். பள்ளிக்கூடப் பிள்ளை செய்கிற வேலைதான். ஆனால் மூன்றாவது இலக்கம்வரை சரியாக வர வேண்டுமென்றால் பெரிய ஆளுக்கும் வேர்த்துவிடும். அதனால்தான் சார் அதைக் கடைசி வருஷத்திலும் வைத்திருந்தார். ஏகாம்பரம் தரையில் சாக்கட்டியால் ஒரு கோடு போடுவான். ஒற்றைக் கண்ணை மூடிக்கொண்டு மண்டியிடுவான். குண்டு கோட்டைத் தாண்டும்போது "சைபர்" என்று தொடங்குவான். நாங்கள் எல்லாம் "ஒண்ணு" என்று தொடங்கி ஒரு ஆட்டத்தைத் தொலைத்துவிட்டுப் பிறகு சமைப்போம். அவன் ஒரு நாளும் தொலைத்ததில்லை.

அவனுக்கு எப்போதும் 978 வரும், சென்டிமீட்டர் கணக்கில். எங்கள் சீமைப் புத்தகத்தில் 981 என்று அச்சிட்டிருந்தது.

"உன் கட்டைவிரல் மந்தம் மச்சான். கடியாரத்தை லேட்டா நிறுத்துறே. நான் கடியாரக்காரன் புள்ள, எனுக்குத் தெரியாதா?" என்பேன்.

ஒரு பொங்கல் லீவில் நான் அவன் ஊருக்குப் போயிருந்தேன். கால்வாய்ப் பாலத்துக்கு அடியில், காற்றுப் படாத இடத்தில், மீன்பிடி நரம்பில் ஒரு ஆள் உயரத்துக்கு இரண்டு மடங்கு நீளத்துக்கு ஒரு இரும்புக் குண்டைத் தொங்கவிட்டிருந்தான். என் அத்தா கடையிலிருந்து நிறுத்தி ஓட்டக்கூடிய பாக்கெட் கடிகாரம் ஒன்றை எடுத்துவரச் சொல்லியிருந்தான். மூன்று தடவை நூறு நூறாக எண்ணினோம். இடுப்பளவு தண்ணீரில் நின்றுகொண்டு அவன் எண்ண, கரையில் உட்கார்ந்து நான் கடிகாரத்தைப் பார்த்தேன். கட்டைவிரல் என்னுடையது. மணலில் குச்சியால் கணக்குப் போட்டான். 978.

"இப்போ இன்னா சொல்றே?" என்றான்.

"இங்கிலீஷ்காரன் புஸ்தகம் தப்பா, உன் இரும்புக் குண்டு கரெக்டா?"

"புஸ்தகம் எழுதுனவரு நெம்மேலிக்கு வந்து அளந்தாரா பாய்?"

அதைக் கேட்டு நான் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தேன். அவனும் சிரித்தான். அவன் கிண்டலாகச் சொன்னதுதான் முழு உண்மை என்று எங்கள் இரண்டு பேருக்கும் அன்றைக்குத் தெரியாது.

கடைசி வருஷப் பிராக்டிகல் பரீட்சை வந்தது. ஒரு கண்ணாடிக் குடுவையில் சுருட்டிய சீட்டுகள். ஆளுக்கு ஒன்று எடுக்க வேண்டும். எனக்குச் சோனாமீட்டர், கம்பியை இழுத்துக் கட்டி மீட்டுகிற சோதனை. ஏகாம்பரத்துக்கு ஊசல். சீட்டைப் பிரித்ததும் என்னைப் பார்த்துச் சிரித்தான். அவ்வளவு நிம்மதியாக அவன் சிரித்து நான் அதற்கு முன்பும் பார்த்ததில்லை, பின்பும் பார்க்கவில்லை.

வெளியூரிலிருந்து ஒரு பரிசோதகர் வந்திருந்தார். கண்ணாடி போட்ட, முகத்தில் சிரிப்பே இல்லாத மனிதர். அவரும் ஞானமுத்து சாரும் சேர்ந்து மதிப்பெண் போட வேண்டும். வெளியூர்க்காரர் வந்த அரைமணியில் ஒருவனை விடை ஒத்துவரவில்லை என்று எல்லோர் முன்னாலும் திட்டினார். கூடமே நடுங்கிவிட்டது.

எனக்கும் ஏகாம்பரத்துக்கும் பக்கத்துப் பக்கத்து மேசை. நான் என் சமையலை ஒரு மணி நேரத்தில் முடித்துவிட்டுக் கம்பியைச் சும்மா மீட்டிக்கொண்டிருந்தேன். அவன் ஆறு நீளத்துக்கும் இரண்டிரண்டு தடவை எண்ணி முடித்து, கணக்குப் போட்டு, தாளையே பார்த்துக்கொண்டு நின்றான்.

"இன்னா வந்திச்சு?" என்றேன், உதடு அசையாமல்.

"அதேதான்."

"978ஆ? செத்தே மச்சான். அந்த ஆளு புஸ்தகத்தைத்தான் பாப்பாரு. மாத்திடு."

"எனுக்கு வந்தது அதான்டா."

"பெயிலாயிட்டா விடுதி போயிடும். உங்கப்பா இன்னா பண்ணுவாரு? ரோசனை பண்ணு. ஒரு கோடு, ரெண்டு கோடு கொறைச்சா போதும். நான் சொல்றேன், எழுது."

அந்தக் கடிகாரத்தில் ஒரு கோடு என்றால் ஒரு வினாடியில் ஐந்தில் ஒரு பங்கு. நான் மனக்கணக்காகவே பன்னிரண்டு எண்களையும் சொன்னேன். அப்பாவைச் சொல்லியிருக்கக் கூடாது. அப்பாவைச் சொன்ன பிறகுதான் அவன் பேனாவை எடுத்தான். குனிந்து எழுதத் தொடங்கினான். அப்போதுகூட, நல்ல காரியம் செய்துவிட்டோம் என்றுதான் நினைத்தேன்.

சிறிது நேரத்தில் இரண்டு பரிசோதகர்களும் அவன் மேசைக்கு வந்தார்கள். வெளியூர்க்காரர் தாளைப் பார்த்து, "981. குட்," என்றார். எனக்கு மூச்சு வந்தது.

ஞானமுத்து சார் தாளை வாங்கினார். வெகுநேரம் பார்த்தார்.

"இந்த ஊர்ல 981 வராது," என்றார் மெதுவாக. "பூமி எல்லா இடத்துலயும் ஒரே மாதிரி இழுக்கறதில்லை. லண்டன் பக்கம் கூட, நம்ம பக்கம் குறைச்சல். இங்கே 978தான்." பிறகு அவனைப் பார்த்தார். "அதையும் நீ எழுதியிருக்கே. எழுதிட்டு அடிச்சிருக்கே."

அவன் பன்னிரண்டு எண்களையும், கடைசியில் வந்த 978ஐயும் ஒவ்வொன்றாக, ஒரே ஒரு கோடு போட்டு, அடியில் இருப்பது தெளிவாகத் தெரியும்படி அடித்திருந்தான். பக்கத்தில் நான் சொன்ன எண்ணை எழுதியிருந்தான். சார் சொல்லிக்கொடுத்த முறைப்படி. நானாக இருந்தால் புதுத்தாள் வாங்கி எழுதியிருப்பேன், மசி கொட்டிவிட்டது என்று பொய் சொல்லியிருப்பேன். அவனுக்குத் திருட்டு வேலையைக்கூட ஒழுங்காகத்தான் செய்யத் தெரிந்தது.

"அடியில இருக்கறது உன்னுது," என்றார் சார். "அடிச்சிட்டு எழுதினது யாருது?"

ஏகாம்பரம் பேனாவை மூடிச் சட்டைப்பையில் செருகினான்.

"உன்னைத்தான் கேக்கறேன். யாருது?"

நான் இரண்டடி தூரத்தில் நின்றிருந்தேன். சோனாமீட்டர் கம்பியின் முறுக்காணியைத் திருகிக்கொண்டிருந்தேன், அது ஏற்கெனவே சரியாக இருந்தும். என்னுடையது சார் என்று இரண்டு சொல் சொன்னால் போதும். சொன்னால் என் தாளையும் பார்ப்பார்கள், எனக்கும் பரீட்சை போகும். ஏகாம்பரம் என் பக்கம் திரும்பவே இல்லை. திரும்பினால் சார் கண்ணும் கூடவே திரும்பும் என்று அவனுக்குத் தெரியும்.

"என்னுதுதான் சார்," என்றான் கடைசியில்.

சார் அந்தச் சோதனைக்குச் சைபர் போட்டார். நான் முதல் வகுப்பில் தேறினேன்.

விடுதியைக் காலிசெய்த அன்று தகரப் பெட்டியோடு எங்கள் கடை வாசலுக்கு வந்தான். உள்ளே வா என்றேன். வரவில்லை. "பஸ்ஸுக்கு நேரமாயிடுச்சு பாய், வர்றேன்," என்று போய்விட்டான். மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன். அத்தா உள்ளே இருந்தார், காதில் விழுமே என்று விட்டுவிட்டேன். எனக்கு எப்போதும் யாராவது பக்கத்தில் இருந்துவிடுவார்கள்.

அந்த வருஷமே அதே கல்லூரியில் எனக்கு டெமான்ஸ்ட்ரேட்டர் வேலை கிடைத்தது. மாணவர்களுக்குக் கருவிகளைக் காட்டிக்கொடுப்பவர், ஞானமுத்து சாருக்குக் கை உதவி. நவம்பர் மாதம் ஒரு நாள், தராசின் எடைக்கற்களை இடுக்கியால் எடுத்துப் பெட்டியில் அடுக்கிக்கொண்டே சார் கேட்டார்.

"ரஹீம், உன் சிநேகிதன் ஏன் செப்டம்பர் மறுபரீட்சைக்கு வந்து எழுதலை?"

உபகாரச் சம்பளம் நின்றுவிட்டதைச் சொன்னேன். இடுக்கி அப்படியே நின்றது.

"எனக்குத் தெரியாதே," என்றார். "பயமுறுத்தி வைச்சா அடுத்த தடவை ஒழுங்கா எழுதுவான்னு நினைச்சேன். அந்த வகுப்புலயே அளக்கத் தெரிஞ்சவன் அவன் ஒருத்தன்தான்." அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். சாரை அப்படிப் பார்க்க எனக்குப் பயமாக இருந்தது. "நீ போய்க் கூட்டிக்கிட்டு வா. என் வீட்டுலயே தங்கட்டும். பிராக்டிகல் மட்டும் திரும்ப எழுதினாப் போதும். யாரோ அவனைக் கெடுத்திருக்கான். அது யாருன்னு மட்டும் அவன் என்கிட்ட சொல்லிடணும். அந்த ஆள் நாளைக்கு ஒரு ஆய்வுக்கூடத்துல நிக்கக் கூடாது."

நான் நின்றுகொண்டிருந்தது ஆய்வுக்கூடத்தில்தான்.

மகாபலிபுரம்வரை பஸ். அங்கிருந்து கால்வாயில் வடக்கே போகும் படகில் தொற்றிக்கொண்டு போனேன். நெம்மேலித் துறையில் சவுக்குக் கட்டைகளைப் படகில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். ஏகாம்பரம் தோளில் சும்மாடு போட்டுக்கொண்டு கட்டை சுமந்து வந்தான். ஆறு மாதத்தில் கறுத்துப்போயிருந்தான். என்னைப் பார்த்ததும் கட்டையை இறக்கிவிட்டு ஓடிவந்தான். அந்த ஓட்டத்தில் கோபம் இருக்கிறதா என்று தேடினேன். இல்லை.

"பாய்! இன்னாடா இம்மாந்தூரம்? வேலைக்குப் போறியாமே? எங்கப்பாகிட்ட கூட சொன்னேன்."

சார் சொன்னதை எல்லாம் சொன்னேன். அவர் வீட்டிலேயே தங்கலாம் என்றதும் அவன் முகம் மலர்ந்தது. பெட்டியில் மடித்து வைத்த வேட்டி அவனுக்கு நினைவு வந்திருக்கும். பிறகு கடைசி நிபந்தனையையும் சொன்னேன். அதை மறைக்கவில்லை என்பது ஒன்றுதான் என் நாணயம்.

அவன் குனிந்து ஒரு சவுக்குப் பட்டையை எடுத்துக் கால்வாயில் எறிந்தான்.

"நீ சொல்லலியா அவர்கிட்ட?"

"இல்ல."

"சொல்லுவியா?"

படகில் கட்டைகள் விழுகிற சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. அவன் ஒரு நூறு எண்ணுகிற நேரம் காத்திருந்தான். எனக்கு அவனைத் தெரியும், நிஜமாகவே எண்ணியிருப்பான்.

"அப்போ நான் வந்தா நல்லா இருக்காது," என்றான். "அவரு கேப்பாரு. இன்னொரு தபா என்னுதுன்னு பொய் சொல்ல எனுக்கு வராது. வேணாம் விடு. அப்பாவுக்கும் ஒடம்பு சரியில்ல." சும்மாட்டை எடுத்து உதறினான். "சாப்ட்டுட்டுப் போ. கருவாட்டுக் கொழம்பு கீது."

சாப்பிட்டேன். அவன் வீட்டில் உட்கார்ந்து, அவன் அம்மா பரிமாற, வயிறு நிறையச் சாப்பிட்டேன். இன்றைக்கும் அதை நினைத்தால் என்மேல் எனக்கு அருவருப்பாக இருக்கிறது.

மறுநாள் சாரிடம், "அவனுக்கு வர இஷ்டமில்லை சார், ஊரிலேயே வேலை பார்த்துக்கொள்கிறானாம்," என்றேன். அவர் தலையசைத்தார். பிறகு ஒரு நாளும் அவன் பேச்சை எடுக்கவில்லை. பரீட்சையில் மட்டும் ஒன்று மாறியது. யாராவது எண்ணை அடித்து எழுதியிருந்தால் அந்தப் பையனைத் தனியாக அழைத்து, திரும்ப அளக்க அரைமணி நேரம் கொடுப்பார். அவர் ஓய்வு பெற்ற மறுவாரம், பெயின்ட் டப்பா வாங்கிவந்து நான் அந்தச் சுவரில் எழுதினேன். விடையைச் சொல்லக் கூடாது என்ற அவர் விதியை மீறினேன். பிறகு அங்கே படித்த யாரும் 981 என்று சமைக்கவில்லை. 978 என்று சமைத்தார்கள். அதுதான் நான் கண்ட பலன்.

சில வருஷத்துக்கு முன்னால் என் மகள் காரில் மகாபலிபுரம் போகும்போது நெம்மேலியில் நிறுத்தச் சொன்னேன். கடல்தண்ணீரைக் குடிதண்ணீர் ஆக்கும் பெரிய ஆலை வந்திருந்தது. விசாரித்து வீட்டைக் கண்டுபிடித்தோம். ஏகாம்பரம் இறந்துபோய்ப் பல வருஷம் ஆகியிருந்தது. அவன் மனைவி கண்ணைச் சுருக்கிக்கொண்டு என்னைப் பார்த்தாள்.

"நீங்கதான் செங்கல்பட்டு பாயா? வாங்க, குந்துங்க. அவுரு சொல்லிக்கினே இருப்பாரு. எங்கூட படிச்சவரு பெரிய காலேஜுல வாத்தியாரா கீறாரு, அவுரு கை வச்சா கணக்கு தப்பாதுன்னு. எங்க தெருவுல யாராச்சும் கடியாரம் பார்த்தா கூட உங்க பேச்சுதான்."

"நான் இங்கே வந்துபோனதைப் பற்றி ஏதாவது சொன்னாரா?" என்று கேட்டேன்.

"சொன்னாரே. பரீச்சைக்குக் கூட்டிம்போக வந்தீங்களாமே. மெனக்கெட்டு வந்தாரு, நான்தான் போவலன்னு சொல்லுவாரு. ஏன் போவலன்னு கேட்டா சிரிச்சுகினே போயிடுவாரு."

அவளிடமாவது சொல்லியிருக்கலாம். மகள் பக்கத்தில் நின்றிருந்தாள்.

அம்மா, சுவரை இடித்துக்கொள்ளுங்கள், எனக்கு ஆட்சேபம் இல்லை. அதில் எழுதியிருப்பது நான் அளந்தது அல்ல. கால்வாய்த் தண்ணீரில் நின்றுகொண்டு ஏகாம்பரம் எண்ணி எடுத்தது. ஞானமுத்து சார் இப்போது இல்லை, ஏகாம்பரமும் இல்லை, என் பக்கத்திலும் யாரும் இல்லை. அன்றைக்குச் சார் இரண்டு தடவை கேட்டார், நான் இரண்டடி தூரத்தில் நின்றேன்.

அடித்துவிட்டு எழுதியது என்னுடையது, சார்.